ஸ்மார்ட் போர்டும் காணொளிப் பாடமும் வந்தால் கல்லூரி மாணவர்களின் புரிதல் உயருமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கலை அறிவியல் கல்லூரியொன்றில் முதலாமாண்டு இயற்பியல் எடுக்கிறீர்கள். வகுப்பில் 60 பேர். பெரும்பாலோர் தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். நிர்வாகம் இந்த ஆண்டு எல்லா வகுப்பறைகளிலும் ஸ்மார்ட் போர்டு பொருத்துகிறது. ஒவ்வோர் ஆசிரியரும் தம் பாடங்களைக் காணொளியாகப் பதிந்து மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் ஏற்ற வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. எந்தக் கருவியிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இத்தனை செலவும் உழைப்பும் மாணவர்களின் புரிதலை உண்மையிலேயே உயர்த்துமா, இல்லை கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது காட்டுவதற்கு மட்டும் பயன்படுமா என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன். கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இயற்பியல் கற்பித்தவன், புதிய ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்புகளிலும் பாடம் நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆகையால் என் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இயற்பியலிலிருந்தே வரும். இலக்கியம், வரலாறு போன்ற பாடங்களுக்கு இவற்றை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். எந்தக் கருவியும் வகுப்பறையில் இருப்பதாலேயே கற்றலை உயர்த்துவதில்லை. இரண்டு நிகழ்வுகள் உயர்த்துகின்றன. மாணவர் தாமாக யோசித்து, இதுதான் என் விடை என்று ஒன்றைத் தேர்ந்து சொல்வது ஒன்று. அந்த விடைகளைப் பார்த்து, எங்கே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை ஆசிரியர் அந்த மணி நேரத்துக்குள்ளேயே அறிந்துகொள்வது மற்றொன்று. 60 பேர் இருக்கும் வகுப்பில் இந்த இரண்டையும் தினமும் நடத்துவது கடினம். அதை எளிதாக்கும் தொழில்நுட்பம் எதுவாயினும் அது உங்களுக்கு உதவும். கரும்பலகையில் எழுதியதையே பளபளப்பாகக் காட்டும் தொழில்நுட்பத்தால் கற்றலில் பெரிய மாற்றம் வராது. ஸ்மார்ட் போர்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் அனுபவம் இதில் நமக்கு நேரடியாகப் பயன்படும். மாணவர்களிடம் நல்ல பெயர் வாங்கிய ஆசிரியர் அவர். கடினமான கணக்குகளைச் சூத்திரத்தில் இட்டுச் சரியாகப் போட்ட அவருடைய மாணவர்கள், கணக்கே இல்லாத எளிய கருத்துக் கேள்விகளில் தடுமாறினார்கள். 1991 முதல் அவர் விரிவுரையை இடையிடையே நிறுத்தி ஒரு கருத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினார். ஒவ்வொருவரும் முதலில் தனியாக யோசித்து வாக்களிக்க வேண்டும். பிறகு வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரிடம் தம் காரணத்தைச் சொல்லி வாதிட வேண்டும். பிறகு மீண்டும் வாக்களிக்க வேண்டும். முதல் வாக்கெடுப்பில் சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் விவாதம் நன்றாக நடக்கும். அதற்குக் கீழே என்றால் பாடத்தை வேறு விதமாகத் திரும்ப நடத்த வேண்டும். மேலே என்றால் அடுத்த கருத்துக்குப் போய்விடலாம்.

நீங்கள் வரும் வாரமே கேட்டுப் பார்க்கக்கூடிய கேள்வி ஒன்று சொல்கிறேன். ஒரு மின்கலம், ஒரே மாதிரியான இரண்டு இழை பல்புகள், தொடரிணைப்பு. மின்கலத்தின் நேர்முனையிலிருந்து வரும்போது முதலில் இருப்பது ‘அ’, அடுத்தது ‘ஆ’. எது கூடுதலாக ஒளிரும், அல்லது இரண்டும் சமமா? பன்னிரண்டாம் வகுப்பில் கிர்காஃப் விதிகளைப் படித்து, மீட்டர் சமனச்சுற்றுக் கணக்குகளைத் தவறில்லாமல் போட்டு வந்த மாணவர்களில் கணிசமானோர் ‘அ’ என்று சொல்வதைக் காண்பீர்கள். காரணம் கேட்டால், மின்னோட்டம் முதல் பல்பில் கொஞ்சம் செலவாகிவிடுகிறது, மிச்சம்தான் இரண்டாவதுக்குப் போகிறது என்பார்கள். இது நம் மாணவர்களுக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிலியன் மெக்டெர்மட்டின் குழு இதே பிழையை அங்குள்ள மாணவர்களிடம் விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. மின்னோட்டம் சுற்று முழுவதும் ஒன்றே என்று நீங்கள் ஐந்து முறை பலகையில் எழுதினாலும் இந்த எண்ணம் அசையாது; தலையை ஆட்டிவிட்டு அதை அப்படியே வைத்துக்கொள்வார்கள். ‘அ’ என்று சொன்னவர், ‘சமம்’ என்று சொன்னவரிடம் தம் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல நேரும்போதுதான் அது ஆட்டம் காண்கிறது.

இரண்டாவது கேள்வி இன்னும் நல்லது. ‘அ’ பல்பின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் ‘ஆ’வுக்கு என்ன நேரும்? ‘அ’ அணைந்துவிடும் என்பதைப் பலரும் சொல்லிவிடுவார்கள்; ‘ஆ’வும் அணையும் அல்லது மங்கும் என்போரும் இருப்பார்கள். முழு மின்னழுத்தமும் ‘ஆ’வின் குறுக்கே வருவதால் அது முன்னைவிடக் கூடுதலாக ஒளிரும். திறன் நான்கு மடங்காகும் என்று கணக்குப் போட்டு ஒரு மாணவர் சொன்னால், அவரைப் பாராட்டிவிட்டு, இழை சூடாகும்போது அதன் மின்தடை உயர்வதால் உண்மையில் நான்கு மடங்குக்குக் குறைவாகவே இருக்கும் என்பதை அவரே கண்டுபிடிக்கும்படி விடுங்கள். விடை தெரிந்த கையோடு மேசையில் பல்புகளை எரித்துக் காட்டுங்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து வகுப்பில் 20 நிமிடம் போய்விடும். அந்த 20 நிமிடத்தில் நடத்தியிருக்கக்கூடிய பாடப்பகுதியை எப்படி ஈடுகட்டுவது என்பதற்குக் காணொளியைப் பற்றிப் பேசும்போது வருகிறேன்.

இம்முறைக்கு என்ன சான்று என்று நீங்கள் கேட்பது நியாயம். இண்டியானா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹேக் 1998இல் 62 இயற்பியல் பாடவகுப்புகளைச் சேர்ந்த 6,500க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவுகளைத் தொகுத்தார். பருவத் தொடக்கத்தில் மாணவர்களுக்குத் தெரியாதிருந்ததில் எவ்வளவு பங்கை இறுதியில் கற்றிருந்தார்கள் என்று பார்த்தபோது, வழக்கமான விரிவுரை வகுப்புகளில் அது சராசரியாக 23 விழுக்காடு. மாணவர்கள் ஈடுபட்டு விவாதித்த வகுப்புகளில் 48 விழுக்காடு. 2014இல் ஸ்காட் ஃப்ரீமனும் உடன் ஆய்ந்தவர்களும் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டினர் தோற்றார்கள். மாணவர் ஈடுபாட்டு முறைகளில் தோற்றவர்கள் 21.8 விழுக்காட்டினர். இவற்றுக்கும் எல்லைகள் உண்டு. ஹேக்கின் தரவுகள் ஆசிரியர்கள் தாமே முன்வந்து அனுப்பியவை. நன்றாக நடந்த வகுப்புகளின் ஆசிரியர்களே கூடுதலாக அனுப்பியிருக்க வாய்ப்புண்டு. ஃப்ரீமன் தொகுப்பில் இடம்பெற்ற முறைகளும் ஒரே மாதிரியானவையல்ல. இருந்தும், இத்தனை இடங்களில் ஒரே திசையில் வந்த முடிவை ஐயத்துக்குரியதாக நான் கருதவில்லை. பல்கலைக்கழகப் பொதுத்தேர்வை மனத்தில் வைத்து நடக்கும் நம் வகுப்புகளில் இதே அளவு உயர்வு வருமா என்பதை மட்டும் ஐயத்துக்குரியதாக வைக்கிறேன். நம் வினாத்தாள்களில் பல, புரிதலை அளப்பதே இல்லை.

இனி கருவிக்கு வருகிறேன். வாக்கெடுப்புக்கென்றே கிளிக்கர் என்ற சிறு மின்னணுக் கருவி விற்கப்படுகிறது. கனடாவில் மாண்ட்ரியல் பகுதியைச் சேர்ந்த ஒரு கல்லூரியில் நத்தானியல் லாஸ்ரி என்ற இயற்பியல் ஆசிரியர், ஒரு வகுப்புக்குக் கிளிக்கரையும் இன்னொரு வகுப்புக்கு அ, ஆ, இ என்பது போல எழுதப்பட்ட சாதாரண அட்டைகளையும் கொடுத்து இதே முறையை நடத்திப் பார்த்தார். 2008இல் வெளியான அந்த ஒப்பீட்டில், மாணவர்கள் கற்ற அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் கருவி எதற்கு, முறை எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வை நான் படித்ததில்லை. கருவியால் வரும் நன்மை வேறு இரண்டு: யார் என்ன சொன்னார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியாது என்பதால் கூச்சமுள்ள மாணவரும் தம் உண்மையான விடையைச் சொல்வார், விடைகள் பதிவாகித் தங்கும் என்பதால் அடுத்த ஆண்டுக்கான கேள்விகளை நீங்கள் திருத்திக்கொள்ளலாம்.

உங்கள் வகுப்புக்கு நான் பரிந்துரைப்பது பிளிக்கர்ஸ். ஒவ்வொரு மாணவருக்கும் கட்டம் அச்சடித்த ஒரு காகித அட்டை. அதை எந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்கிறார் என்பதே அவருடைய விடை. நீங்கள் உங்கள் ஒரு கைபேசியின் கேமராவை வகுப்பின் குறுக்கே நகர்த்தினால் அத்தனை விடைகளும் பதிவாகிவிடும். மாணவர்களுக்குக் கைபேசியோ இணையமோ தேவையில்லை. இதை நான் முக்கியமாகக் கருதுவதற்குக் காரணம் செலவு மட்டுமன்று. வகுப்பில் எல்லோர் கையிலும் திரை இருந்தால் அது கவனத்தைச் சிதறடிக்கிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. கனடாவில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், மடிக்கணினியில் வேறு வேலை பார்த்தவர்கள் மட்டுமல்லாமல், அந்தத் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தவர்களும் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றார்கள். கையால் குறிப்பெடுப்பது மடிக்கணினியில் எடுப்பதைவிட மேல் என்று அடிக்கடி பகிரப்படும் 2014ஆம் ஆண்டு ஆய்வை மட்டும் அந்த அளவுக்கு நம்ப வேண்டாம். பின்னர் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அதே முடிவு தெளிவாகக் கிடைக்கவில்லை.

காணொளிக்கு வருகிறேன். நிர்வாகம் கேட்கிறது என்பதற்காக 50 நிமிட விரிவுரையை அப்படியே பதிந்து ஏற்றாதீர்கள். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வைப் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட கட்டுரை, ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட காணொளிகளையே பெரும்பாலோர் முழுமையாகப் பார்க்கிறார்கள் என்று கண்டது. இதைப் படித்துவிட்டு, ஆறு நிமிடம்தான் மனிதக் கவனத்தின் எல்லை என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லிவருகிறார்கள், அது சரியன்று. அந்த ஆய்வு அளந்தது எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை. எவ்வளவு கற்றார்கள் என்பதை அன்று. எனக்கு இதைவிட வலுவாகத் தோன்றுவது ஹார்வர்டில் 2013இல் வெளியான ஒரு சோதனை. 21 நிமிடப் புள்ளியியல் காணொளியை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் சிறு தேர்வு வைக்கப்பட்ட மாணவர்களுக்கு மனம் அலைவது குறைந்தது, கூடுதலாகக் குறிப்பெடுத்தார்கள், இறுதித் தேர்விலும் மேலாகச் செய்தார்கள். எனவே எட்டு, பத்து நிமிடத்தில் ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, இடையிலும் முடிவிலும் கேள்வி வைத்த காணொளியைப் பதியுங்கள். வருவித்தல்கள், வரையறைகள், தேர்வுக்குத் தேவையான சூத்திர நிறுவல்கள் காணொளிக்குப் போகட்டும். வகுப்பு நேரம் பல்புக் கேள்வி போன்றவற்றுக்கு இருக்கட்டும். முன்பு நான் குறிப்பிட்ட 20 நிமிடம் இப்படித்தான் கிடைக்கும். எல்லாவற்றையும் நீங்களே பதிய வேண்டியதும் இல்லை. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் தளத்தில் இயற்பியல் பாடங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் அவை நீளமானவை, ஆங்கிலத்தில் வேகமாகப் பேசப்படுபவை. குறிப்பிட்ட பகுதியைச் சுட்டி, அதற்கான கேள்வியையும் சேர்த்துக் கொடுத்தால்தான் உங்கள் மாணவர்கள் பார்ப்பார்கள்.

மூடிலைக் கோப்புகளைக் குவிக்கும் இடமாக வைத்துக்கொள்ளும் கல்லூரிகளே மிகுதி. அதன் உண்மையான வலிமை வினாடி வினாப் பகுதியில் இருக்கிறது. படித்ததைத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர முயல்வது நீண்ட நாள் நிற்கும் என்பது கற்றல் உளவியலில் மிக உறுதியாக நிறுவப்பட்ட முடிவுகளில் ஒன்று. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பத்தியை இரண்டு முறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு முறை படித்து, ஒரு முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டை வைத்திருந்தார்கள். படித்து ஐந்தே நிமிடத்தில் சோதித்தபோது, திரும்பப் படித்தவர்களே சற்று மேலாக இருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். தேர்வுக்கு முந்தைய இரவு படிக்கும் பழக்கம் ஏன் மாணவர்களுக்குப் பலன் தருவதுபோல் தோன்றுகிறது என்பது இதிலிருந்தே புரியும். வாரம் ஒரு வினாடி வினா, பத்துக் கேள்விகள், அவற்றில் மூன்று முந்தைய வாரங்களின் பாடத்திலிருந்து. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். தவறான ஒவ்வொரு விடைக்கும், அது ஏன் தவறு என்ற இரண்டு வரி விளக்கத்தை நீங்களே தமிழில் எழுதி வையுங்கள். வேலையில் பெரும்பகுதி அதுதான், பலனில் பெரும்பகுதியும் அதுதான். இதற்கு அக மதிப்பீட்டில் மிகக் குறைந்த மதிப்பெண் கொடுங்கள், அதையும் சரியான விடைக்கு அல்லாமல் எழுதி முடித்ததற்குக் கொடுங்கள். மதிப்பெண் கூடினால் ஒரே வாட்ஸ்அப் குழுவில் 60 பேருக்கும் விடைகள் போய்ச் சேர்ந்துவிடும்.

உங்கள் மாணவர்களின் மொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிலைமத் திருப்புத்திறன் என்றால் என்னவென்று தெளிவாகத் தெரிந்த மாணவர், ‘மொமென்ட் ஆஃப் இனர்ஷியா’ என்று கேட்டதும் புதிதாக ஏதோ வருகிறது என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறார். மூடிலில் சொற்களஞ்சியம் என்றொரு பகுதி உண்டு. அதில் பாடநூல் தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல், ஒரு வரி விளக்கம் ஆகியவற்றை ஏற்றிவிட்டு, தளத்தைப் பராமரிப்பவரிடம் தானாக இணைக்கும் வசதியை இயக்கச் சொன்னால், பாடத்தில் அந்தச் சொல் எங்கே வந்தாலும் அதைத் தொட்டவுடன் விளக்கம் திறக்கும். மாணவர்களையே வாரம் ஐந்து சொல் சேர்க்கச் சொல்லலாம். வகுப்பு விவாதத்தைத் தமிழிலேயே நடத்துங்கள். விடையை மட்டும் ஆங்கிலத்திலும் ஒருமுறை சொல்லிக்காட்டுங்கள். இதற்குப் புள்ளிவிவரச் சான்று எதையும் நான் முன்வைக்கவில்லை. என் வகுப்புகளில் பேசாதிருந்தவர்கள் பேசத் தொடங்கியது இதனால்தான் என்பது என் அனுபவம்.

ஆய்வகத்துக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் ஒப்புருவாக்கங்கள் (சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் சிமுலேஷன்கள்) இலவசமாகக் கிடைக்கின்றன. நோபல் பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் அது. அங்கே 2005இல் வெளியான ஓர் ஆய்வில், மின்சுற்றுகளைத் திரையில் அமைத்துப் பழகிய மாணவர்கள், உண்மைக் கம்பியும் பல்பும் வைத்துப் பழகியவர்களைவிடக் கருத்துக் கேள்விகளில் மட்டுமல்லாமல், பின்னர் உண்மைச் சுற்றை அமைப்பதிலும் மேலாகச் செய்தார்கள். இதை வைத்து ஆய்வகத்தையே மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். திருகு அளவியின் சுழிப்பிழை, அளவுகோலைச் சாய்வாகப் பார்ப்பதால் வரும் இடமாறு தோற்றப் பிழை, தளர்ந்த இணைப்பால் அலைபாயும் முள் ஆகியவற்றைக் கையில் கருவியைப் பிடித்தவருக்கே கற்றுக்கொடுக்க முடியும். கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரான் ஓட்டத்தைக் காட்டத் திரை. அளவிடக் கற்கக் கருவி.

சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் மாணவர்கள் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள். இங்கே சான்று இன்னும் இளமையானது. துருக்கியில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த சோதனையில், கட்டுப்பாடில்லாத உரையாடியைக் கணிதப் பயிற்சிக்குப் பயன்படுத்தியவர்கள் பயிற்சிக் கணக்குகளை மிக நன்றாகப் போட்டார்கள். அது எடுக்கப்பட்ட பிறகு நடந்த தேர்வில், அதைப் பயன்படுத்தவே பயன்படுத்தாதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகச் செய்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த உரையாடியில் அந்தப் பாதிப்பு ஏறக்குறைய இல்லை. ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் நடந்த இன்னொரு சோதனையில், ஆசிரியர்கள் தீர்வுகளை முன்கூட்டியே எழுதி, படிப்படியாக மட்டும் வழிநடத்தும்படி அமைத்த உரையாடியுடன் படித்தவர்கள் ஈடுபாட்டு வகுப்பில் படித்தவர்களைவிடக் குறைந்த நேரத்தில் கூடுதலாகக் கற்றார்கள். முன்னது பள்ளி, பின்னது மிகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள். இரண்டையும் உங்கள் வகுப்புக்கு நேரடியாகப் பொருத்த முடியாது. தம் முயற்சியை முதலில் தாளில் எழுதிய பிறகே உரையாடியிடம் கேட்க வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் இப்போதைக்கு வையுங்கள்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. முதல் சில வாரங்கள் மாணவர்கள் முறையிடுவார்கள். சார் பாடமே நடத்துவதில்லை, எங்களையே பேசச் சொல்கிறார் என்பார்கள். ஹார்வர்டில் 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஈடுபாட்டு வகுப்பில் உட்கார்ந்தவர்கள் தேர்வில் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே அவர்கள் உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். யோசிக்கும்போது தடுமாற்றம் தெரியும். இதை முதல் நாளே மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். துறைத் தலைவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், மாணவர் கருத்துப் படிவம் அவர் மேசைக்குத்தான் போகும். அவரிடம் போகும்போது, பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே பத்துக் கருத்துக் கேள்விகளைக் கொடுத்து எடுத்த விடைகளை ஒரே தாளில் வைத்துக் காட்டுங்கள். நாக் குழுவுக்கும் அந்தத் தாளையே காட்டலாம். அடுத்த ஆண்டு பணம் ஒதுக்கும்போது இன்னொரு திரைக்குப் பதிலாக, கேள்விகள் எழுதும் ஆசிரியருக்கு வாரம் இரண்டு மணி நேரம் வகுப்பிலிருந்து விலக்குக் கேளுங்கள்.